ஈரலும் வால்கொழுப்பும்

ஃப்ரூன்ஸே
6 மே 1974

அன்புள்ள அண்ணிக்கு,

இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் உங்கள் கைக்கு வந்தனவா, அண்ணன் வாங்கி அடுப்பில் போட்டாரா, தெரியவில்லை. இதைத் தபால்காரரிடம் கொடுக்காமல் மாட்டு டாக்டர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் பெண் கனிஷாயின் நிச்சயம் என்னால் உடைந்தது என்று மலை முழுக்கப் பேச்சு. உடைத்தது என் வாய்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நடந்தது என்ன? அறுத்த ஆட்டின் ஈரலில் ஒரு பக்கம் நீர்க்கொப்புளம். அண்ணன் அந்தப் பக்கத்தை அரிந்து ஒதுக்கி வைத்தார். நல்ல பக்கம் வெந்து, வால்கொழுப்போடு சேர்ந்து சம்பந்திகள் வாய்க்குப் போயிற்று. அதுவரை நான் வாயே திறக்கவில்லை. ஒதுக்கிய பாதியை எடுத்து அண்ணன் நாய் அக்தோஷுக்கு வீசப் போனார். அப்போதுதான் கத்தினேன், "நாய்க்குப் போடாதீங்க, அது நோய் பிடிச்ச ஈரல்" என்று. மாப்பிள்ளையின் அப்பா ஒஸ்மோனாலி மென்றதை அப்படியே தட்டில் துப்பிவிட்டு எழுந்தார். சம்பந்திகள் ஈரலும் வால்கொழுப்பும் ஊட்டிக்கொண்ட பிறகு நிச்சயம் கலைந்ததாக நம் மலையில் யாரும் கேட்டதில்லை. என் புண்ணியத்தில் கேட்டார்கள்.

அந்த ஈரலைத் தின்ற மனிதருக்கு ஒன்றும் ஆகாது, அண்ணி. நாய் தின்றால்தான் கேடு. அதன் வயிற்றில் புழு வைக்கும். புழுவின் முட்டை நாயின் ரோமத்தில் ஒட்டியிருக்கும். நாயைத் தடவிய கை வாய்க்குப் போனால் முட்டையும் போகும். பிறகு நம் ஈரலில் ஒரு பை கட்டி, சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் வளரும். இதைச் சொல்வதற்குள் அவர்கள் குதிரை ஏறிவிட்டார்கள்.

ஜூனில் எங்கள் ஆராய்ச்சி வண்டி கோக்-சாய் மேய்ச்சலுக்கு வருகிறது. நோய் இருக்கிறதா என்று பார்க்கக் கையில் ஒரு சின்ன ஊசி, அவ்வளவுதான். போன வருஷம் ஒருவரும் வரவில்லை. நீங்கள் வந்தால் மற்றவர்களும் வருவார்கள்.

கனிஷாய் எப்படி இருக்கிறாள்?

உங்கள்
மைவிரல்


கோக்-சாய்
19 மே

டாக்டர் சைராவுக்கு,

உன் மூணு கடுதாசியும் வந்துச்சு. உன் அண்ணன் எதையும் அடுப்புல போடல. அவர் படிக்கவே இல்ல, அதான் கொடுமை. "உங்க தங்கச்சி எழுதியிருக்கா"ன்னு நீட்டினேன். "எனக்குத் தங்கச்சி யாரும் இல்ல"ன்னு சேணத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டார்.

புழு, முட்டை, ரோமம்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கே. இதை அன்னிக்குச் சம்பந்தி காதுல ரகசியமா சொல்லக் கூடாதா? ஊருக்கே கேக்கணுமா? ஒஸ்மோனாலி சந்தைக்குச் சந்தை சொல்லிட்டுத் திரியறார், "நாய்க்கு ஆகாததை எனக்கு ஊட்டினாங்க"ன்னு. அவர் பெண்டாட்டி அதுக்கும் மேல. "ஆட்டு ஈரலே அழுகின வீடு, மனுஷங்க ஈரல் எப்படியோ"ன்னாளாம். உன் மருமக மூலையில உக்காந்து கம்பளம் தைக்கறா. ஒரே பூவைத் தைக்கறா, பிரிக்கறா, மறுபடி தைக்கறா. மாப்பிள்ளைப் பையன் சகின்பெக் மட்டும் குதிரை தண்ணி குடிக்கணும்னு சாக்குச் சொல்லி நம்ம ஓடைப் பக்கம் வந்துட்டுப் போறான். அவன் வீட்டு வாசல்லயே ஆறு ஓடுது.

வண்டியெல்லாம் அனுப்பாதே. வந்தா கல்லெறிவாங்க. நானே எறிஞ்சாலும் எறிவேன்.

இன்னொண்ணு. பக்கத்துக் கூடாரத்து பாத்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே கெட்டியா என்னமோ தட்டுப்படுது. உலர்த்தின தயிர் உருண்டை கணக்கா. பெட்டைக் குதிரை கறக்கக் குனிஞ்சா உள்ளே எதோ இடிக்குதாம். படுத்தா தெரியல. அவளுக்கு என்ன பண்ணணும்னு எழுது. அவளுக்காகத்தான் கேக்கறேன்.

ஜிபார்


ஃப்ரூன்ஸே
27 மே

அண்ணி,

என்னைப் பெயர் சொல்லி எழுதிவிட்டீர்கள். மருமகளாக வந்த நாள் முதல் எங்கள் வீட்டில் ஒருவர் பெயரையும் நீங்கள் வாயால் சொன்னதில்லை. புருஷன் வீட்டார் பெயரைச் சொல்லக் கூடாது என்று எனக்கு நீங்கள் வைத்த பெயர்தான் மைவிரல். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் விரலில் மை இருக்கும் என்று வைத்தீர்கள். கல்லெறிந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பாத்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் இனிக் குதிரை ஏறக் கூடாது. கனமானதைத் தூக்கக் கூடாது. விலாவில் அடிபடவே கூடாது. அந்தப் பை உள்ளே உடைந்தால் பள்ளத்தாக்கு இறங்குவதற்குள் மூச்சு நின்றுவிடும். அப்படி ஒரு இளைஞனை என் கையில் வைத்திருந்தேன். குதிரையிலிருந்து விழுந்தவன். எலும்பில் ஒரு கீறல் இல்லை. வண்டி எங்கள் வாசலுக்கு வரும்போது உயிரும் இல்லை. அறுத்து எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். அதற்கு இங்கேதான் வரவேண்டும். எனக்குக் கத்தி பிடிக்க வராது, அறுக்க இங்கே வேறு டாக்டர் இருக்கிறார்கள்.

எல்லாம் எழுதிவிட்டேன். இப்போது ஒன்று கேட்கிறேன். பாத்மாவுக்கு ஏது குதிரை? அவளுடையது நாலு பசுவும் ஒரு நொண்டி எருதும். கோக்-சாயில் பெட்டைக் குதிரை கறப்பது யார்?

அண்ணி, அது நீங்கள்தானே?

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர எத்தனை நாளாகுமோ. இங்கே எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. உடனே கிளம்புங்கள்.

சைரா என்றே வைத்துக்கொள்ளுங்கள். வந்து சேர்ந்தால் போதும்.


கோக்-சாய்
8 ஜூன்

மைவிரலுக்கு,

பாத்மாவுக்குக் குதிரை இல்லைன்னு கண்டுபிடிச்சுட்டே. பெரிய படிப்பு படிச்சவ. சரி, நான்தான். இப்ப என்ன?

உன் அண்ணனுக்குத் தெரியாது. கனிஷாய்க்குத் தெரியாது. தெரியவும் கூடாது. ஒஸ்மோனாலி பெண்டாட்டி சொன்னதை எழுதினேனே, மறந்துட்டியா? அவ சாபம் மாதிரி சொன்னது நெசம்னு ஊருக்குத் தெரிஞ்சா என் பொண்ணை எவன் கட்டுவான்? சகின்பெக்கும் ஆத்துத் தண்ணியே போதும்னு வீட்டோட இருந்துடுவான். அவ புகுந்த வீடு போகட்டும், அப்புறம் அறு, தை, என்ன வேணா செய்.

நீ கோவிச்சுக்குவே, இருந்தாலும் கேக்கறேன். பத்து வருஷமா இந்த மலையில ஒரு ஈரல் தேடிக்கிட்டு இருக்கே. ஆட்டு ஈரல் உனக்கு எத்தனையோ கிடைச்சாச்சு. மனுஷ ஈரல்தான் கிடைக்கல, எவனும் வண்டி ஏற மாட்டேங்கறான். இப்ப உன் வீட்டுலயே ஒண்ணு கிடைச்சிருக்கு. உனக்கு வேண்டியது அண்ணியா, உன் புஸ்தகத்துக்கு ஒரு நம்பரா?

நேத்து ஒஸ்மோனாலி ஆள் விட்டுப் பேசினார். பையன் சோறு தண்ணி எடுக்க மாட்டேங்கறானாம். "மறுபடி ஆடு அறுங்க, மறுபடி ஊட்டிக்குவோம். ஆனா கெடுத்தவ கையால ஊட்டணும். இந்த ஈரல் சுத்தம்னு அந்த டாக்டர் எல்லார் முன்னாடியும் சொல்லணும். இல்லைன்னா என் வாசல்ல பொண்ணுப் பேச்சே வேண்டாம்"னு சொல்லி அனுப்பியிருக்கார்.

வருவியா? வர மாட்டே. உனக்கு வீம்பு உன் அண்ணன் அளவுக்கு.

குதிரை ஏறாதேன்னு சொன்னே. இங்க நடந்தே போறதுக்கு என்ன, உன் பட்டணத்துத் தெருவா?

ஜிபார்


ஃப்ரூன்ஸே
16 ஜூன்

அண்ணி,

உங்கள் கேள்விக்கு முதலில் பதில். பாத்மா என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, கோக்-சாயில் ஒன்று கிடைத்துவிட்டது என்று என் மனசு துள்ளியது. துள்ளிய பிறகுதான் குதிரை கறக்கும் வரியைப் படித்தேன். கடிதத்தை வைத்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தேன். இதில் எது நான் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அம்மாவுக்கும் இதேதான். இப்போது எனக்குத் தெரியும், அப்போது யாருக்கும் தெரியாது. வயிறு வீங்கிப் படுத்திருந்தவளைக் கண்ணேறு என்றார்கள், வயிற்றில் காற்று என்றார்கள். அவள் கண்மூடிய அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு என்னைப் பள்ளிக்கூட விடுதிக்கு அனுப்ப அண்ணன் மறுத்தார். மறுநாள் அவர் மந்தையோடு போனதும் என்னைக் குதிரையில் பின்னால் ஏற்றிக்கொண்டு பனிக் கணவாயைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டீர்கள். திரும்பி வந்து என்ன வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள் என்று இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை. நான் டாக்டரானது அந்தக் குதிரையின் முதுகில்தான். அதே ஆள் இப்போது ஒரு கல்யாணத்துக்காக உள்ளே வெடிமருந்தை வைத்துக்கொண்டு குதிரை ஏறுகிறார். நான் இங்கே புழுவைக் கண்ணாடிச் சில்லில் வைத்து வரைந்துகொண்டிருக்க வேண்டுமாம்.

வருகிறேன். ஊட்டுகிறேன். ஒஸ்மோனாலி காலில் விழச் சொன்னால் அதையும் பார்க்கலாம். ஆனால் ஈரல் சுத்தம் என்று முன்கூட்டிச் சத்தியம் செய்ய என்னால் முடியாது. எத்தனையோ ஈரல் பார்த்திருக்கிறேன். கொழுத்து மினுமினுக்கும் ஆட்டில் ஈரல் சல்லடையாக இருக்கும். எலும்பும் தோலுமான கிழட்டு ஆட்டில் பூப்போல இருக்கும். அறுக்கும்வரை எனக்கும் தெரியாது, ஆட்டுக்கும் தெரியாது. இந்த வசந்தத்தில் பிறந்த குட்டி என்றால் சுத்தமாக இருக்கும். அதை அறுக்கலாமா?

என் நிபந்தனை ஒன்றுதான். விருந்து முடிந்த கையோடு, நான் வந்த வண்டியிலேயே நீங்கள் ஏற வேண்டும்.

மைவிரல்


கோக்-சாய்
25 ஜூன்

மைவிரலுக்கு,

குட்டியாம். வெள்ளரிக்காய் மாதிரி வாலை வச்சுக்கிட்டு எந்தச் சம்பந்தி வாயில கொழுப்பை வைக்கறது? வால் பலகை அகலம் இல்லேன்னா ஒஸ்மோனாலி பெண்டாட்டி அதுக்கு ஒரு பாட்டுக் கட்டுவா. பெரிய ஆடுதான் அறுக்கணும். உள்ளே இருக்கறதை ஆண்டவன் பார்த்துக்கட்டும்.

என் நிபந்தனையும் கேட்டுக்கோ. நான் வண்டி ஏறினா நீ ஏறக் கூடாது. நான் திரும்பி வர்ற வரைக்கும் என் கூடாரத்துல நீ இருக்கணும். குதிரைங்களைக் கறக்கணும், அந்தப் பாலைப் புளிக்க வச்சு குமிஸ் கடையணும், உன் அண்ணனுக்குச் சோறு போடணும். டாக்டர் வேலையெல்லாம் மிச்ச நேரத்துல. அங்க என்னை அறுக்க வேற டாக்டர் இருக்காங்கன்னு நீதானே எழுதினே, உனக்குக் கத்தி பிடிக்க வராதுன்னு.

எழுத வேண்டாம்னு இருந்தேன். முந்தாநாள் சாம்பல் குதிரை மிரண்டு என்னைப் புல்லுல போட்டுருச்சு. இடது பக்கமா விழுந்தேன். கொஞ்ச நேரம் வானத்தையே பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். உடம்புல ஒண்ணும் ஆகல. உள்ளே என்னமோ திரும்பிப் படுத்த மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்.

சீக்கிரம் வா.

ஜிபார்


கோக்-சாய்
11 ஜூலை

அண்ணி,

நம்ப மாட்டீர்கள். இந்தக் கடிதத்தை உங்கள் கூடாரத்தில், உங்கள் அடுப்பு ஓரத்தில், உங்கள் கோட்டைப் போர்த்திக்கொண்டு எழுதுகிறேன். விரலில் மை இல்லை, கொப்புளம்தான். சாம்பல் குதிரை என்னை மதிக்கவில்லை. வாளியை உதைத்தது, பிறகு என்னை உதைத்தது. கனிஷாய்தான் இப்போது பாதி கறக்கிறாள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், மூலையில் உட்கார்ந்து பூவைப் பிரிப்பதற்கு இது மேல்.

நீங்கள் எழும் முன் என் மனசில் நடந்ததையும், உங்கள் வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகு நடந்ததையும் எழுதுகிறேன்.

ஆட்டின் ஈரலை வெளியே எடுத்ததும் திருப்பிப் பார்த்தேன். அதே கொப்புளம். ஒஸ்மோனாலி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "சுத்தம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் கனிஷாயின் கல்யாணம் நடக்கும். சொல்லவா வேண்டாமா என்று நான் விழுங்கிக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் எழுந்தீர்கள். அத்தனை பேர் முன்னால் கையை விலாவில் வைத்து, "இந்த ஆட்டுக்கு இருக்கறது எனக்கும் இருக்கு. என் நாத்தனார் அன்னிக்குச் சொன்னது பொய்யில்ல. கட்டறதா வேண்டாமான்னு இப்ப சொல்லிடுங்க, வண்டி நிக்குது" என்றீர்கள். சொல்லிவிட்டுப் பதில்கூடக் கேட்காமல் போய் ஏறிவிட்டீர்கள். அப்படியா ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவது?

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒஸ்மோனாலி ரொம்ப நேரம் மீசையைத் தடவினார். பிறகு, "ஏம்மா, இதுல எது நல்ல பக்கம்?" என்று என்னைக் கேட்டார். காட்டினேன். "வேக வை" என்றார். வெந்ததை வால்கொழுப்போடு சேர்த்து என் கையால் ஊட்டினேன். விரலையும் சேர்த்துக் கடித்தார். வேண்டுமென்றே கடித்தார், அண்ணி, பல்தடம் இன்னும் இருக்கிறது. மென்று முடித்துவிட்டு, "இப்ப கணக்கு தீர்ந்துச்சு" என்றார். கெட்ட பக்கத்தைத் தானே ஒரு குச்சியில் தூக்கிக்கொண்டு போய் அடுப்பு நெருப்பில் போட்டுக் கரியாகும்வரை அங்கேயே நின்றார். அக்தோஷ் பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்து அழுதது.

அதற்குப் பிறகு தன் பெண்டாட்டியின் கையைப் பிடித்து இழுத்துவந்து என் முன்னால் உட்கார வைத்தார். "முதல் ஊசி இவளுக்குப் போடு. அழுகின ஈரல் யாருடையதுன்னு பார்ப்போம்" என்றார். அவள் திட்டிய திட்டை எழுத முடியாது, தபால் ஆபீஸில் பிரிப்பார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை.

இப்போது ஜனங்கள் தினமும் வருகிறார்கள். ஊசிக்கு என்று யாரும் சொல்வதில்லை. டாக்டர் குதிரையிடம் உதை வாங்குவதைப் பார்க்க வந்தோம் என்கிறார்கள். பார்த்துவிட்டுக் கையையும் நீட்டுகிறார்கள்.

உங்களுக்கு எப்போது அறுக்கிறார்கள்? எனக்குத் தூக்கமில்லை.

மைவிரல்


ஃப்ரூன்ஸே, ஆஸ்பத்திரி
20 ஜூலை

மைவிரலுக்கு,

சம்பந்தி சாப்பிட்டாரா! இதைக் கேக்காம வந்த வழியெல்லாம் நான் பட்ட பாடு! வண்டிக்காரனைத் திருப்பு திருப்புன்னு கெஞ்சினேன். "டாக்டரம்மா நிறுத்தவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க"ன்னு வண்டியை மிதிச்சான் பாரு, மிதிச்சபடி வந்து சேர்ந்தான்.

கனிஷாயோட கல்யாண வெள்ளை முக்காடு பெரிய பெட்டியில அடியில இருக்கு. நான் வரலேன்னாலும் அதைத்தான் போடணும். வரலேன்னா என்ன அர்த்தம்னு கேட்டு எழுதாதே. உனக்குத் தெரியும்.

இங்க படுக்கைக்குச் சக்கரம் வச்சிருக்கான். காலை எடுத்து வச்சா நழுவுது. ஜன்னல் திறக்க மாட்டேங்கறாங்க. பக்கத்துக் கட்டில் ருஷ்யக்காரி சர்க்கரைக் கட்டியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு டீ குடிக்கறா, என் குமிஸை மோந்து பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கறா. அறுக்கப்போற டாக்டருக்கு மீசைகூட சரியா முளைக்கல. "தம்பி, முன்னாடி இதை எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கே"ன்னு கேட்டேன். "உங்க நாத்தனார்கிட்டத்தான் படிச்சேன்"னான். உனக்குத்தான் கத்தி வராதே, என்னத்தைச் சொல்லிக் கொடுத்தே?

உன் அறையைக் காட்டினாங்க. அலமாரி நிறைய ஜாடி. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஈரல் துண்டு, மேல ஒரு நம்பர். எனக்கு எந்த நம்பர் வச்சிருக்கே?

சாம்பல் குதிரைக்கு முதல்ல கழுத்தைச் சொறியணும். இடது பக்கமா மண்டி போடணும். உதைக்கறதுக்கு முன்னாடி காதை மடக்கும், அதைப் பார்த்துக்கோ. இதைச் சொல்லாம வந்துட்டேன்.

ஜிபார்


கோக்-சாய்
28 ஜூலை

அண்ணி,

காதை மடக்குவது தெரிந்தபிறகு இரண்டு வேளை உதை வாங்கவில்லை. அந்த அறையில் இத்தனை வருஷம் உட்கார்ந்து எழுதியதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

உங்களுக்கு நம்பர் வைக்கவில்லை. கோக்-சாயில் ஊசி போட்டவர்கள் எல்லாரையும் எழுதிவிட்டேன். உங்களை எழுதவில்லை. நீங்கள் எழுது என்று சொன்னால்தான் எழுதுவேன். சொல்லாவிட்டால் என் ஆராய்ச்சியில் ஒரு ஆள் குறைவு, அவ்வளவுதான்.

நாய்களுக்கு மருந்து கொடுத்தோம். தூர தெற்கே விளையும் ஒரு பாக்குக் கொட்டையிலிருந்து எடுப்பது. ஒரு வேளை பட்டினி போட்டு, முளையில் கட்டி, வாயைப் பிளந்து ஊற்ற வேண்டும். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். அதை அள்ளி எரிக்க வேண்டும். அக்தோஷை நான் பிடிக்கப் போனால் என் கையைக் கவ்வியது. அண்ணன்தான் வந்து மடியில் போட்டுப் பிடித்துக்கொண்டார். என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு, "சனியனே, மெதுவா ஊத்து" என்பது. நாயைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

சாயங்காலம் அவர் கூடார வாசலில் நின்று, "அவ வலி தாங்குவாளா?" என்று கேட்டார். தாங்குவாள் என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பனிக் கணவாயைச் சொன்னேன். நாளைக்குக் கீழே வண்டி கிடைத்தால் ஃப்ரூன்ஸேக்கு வருவார் என்று நினைக்கிறேன். குல்லாயைத் தட்டி வைத்திருக்கிறார்.

இது உங்கள் கைக்கு வருவதற்குள் அறுத்து முடித்திருப்பார்கள். யார் பதில் எழுதுவார்கள் என்று தெரியாமல் எழுதுகிறேன். நீங்களே எழுதுங்கள்.

மைவிரல்


ஃப்ரூன்ஸே, ஆஸ்பத்திரி
9 ஆகஸ்ட்

மைவிரலுக்கு,

நான்தான் எழுதறேன். எழுத்து கோணலா இருக்குன்னா படுத்துக்கிட்டு எழுதறேன்னு அர்த்தம்.

உன் அண்ணன் வந்திருக்கார். ஒரு தோல்பை நிறைய குமிஸ் கொண்டுவந்து நர்ஸுங்களுக்கெல்லாம் ஊத்திக் கொடுத்துட்டார். அந்த ருஷ்யக்காரியும் குடிச்சா, இன்னும் கேட்டா. அவருக்கு நாற்காலியில உக்காரத் தெரியல. கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டுக் கீழேயே உக்காந்திருக்கார். "வெளிய போங்க"ன்னா, காது கேக்காதவர் மாதிரி இருக்கார். குமிஸ் யார் கடைஞ்சதுன்னு கேட்டேன். "அந்தப் புள்ளதான். கொஞ்சம் புளிப்பு தூக்கல்"னார். தங்கச்சியே இல்லைன்னவர் சொல்றார், எழுதி வச்சுக்கோ.

சகின்பெக்கை இனிமே ஓடைக்கு வரவேண்டாம்னு சொல்லு. நேரா வாசலுக்கே வரட்டும். குதிரைக்குத் தண்ணி நம்ம வீட்டுலயே காட்டலாம்.

உன் புஸ்தகத்துல என்னையும் எழுது. ஆனா நம்பர் போடாதே. மைவிரலோட அண்ணின்னு போடு, அது போதும். அம்மாவையும் எழுது. அவங்களுக்கு அன்னிக்கு யாரும் ஊசி போடல, அதனால அவங்க இல்லைன்னு ஆயிடாது.

அந்த மீசை முளைக்காத தம்பி அறுத்த மறுநாள் ஒரு கிண்ணத்தை மூடிக்கிட்டு வந்தான். "பார்க்கறீங்களா, அம்மா?"ன்னான். பார்த்தேன். வெள்ளையா, முட்டைக்குள்ள இருக்கற தோல் மாதிரி. இவ்வளவு வருஷம் இதையா தூக்கிக்கிட்டுக் கணவாய் ஏறி இறங்கினேன்னு இருந்துச்சு. "இதை என்ன பண்ணட்டும், உங்களுக்கு ஏதாவது வழக்கம் இருக்கா?"ன்னு மரியாதையா கேட்டான், நல்ல பையன்.

சிரிச்சா தையல் இழுக்குது. அதனால முகத்தை இறுக்கி வச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். "என்ன வேணா பண்ணுப்பா. நாய்க்கு மட்டும் போடாதே."

கீழே உக்காந்திருந்த உன் அண்ணன்தான் முதல்ல சிரிச்சார்.

ஜிபார்